30,000 வராகன் பாலமும் 1,500 வராகன் பராமரிப்பும்

சென்னையில் சாலையும் பாலமும் ரயில் பாதையும் போடுகிற பொறியாளர்களுக்கு:

நெடுஞ்சாலைத் துறை, மாநகராட்சி, மெட்ரோ ரயில் நிறுவனம் என்று நீங்கள் உட்காரும் அலுவலகங்கள் வேறு வேறு. ஆனால் உங்கள் வரைபடங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் இடம் ஒன்று உண்டு. அண்ணா சாலையில், அடையாற்றின் வடகரையில் இருக்கிற சைதாப்பேட்டை. தேனாம்பேட்டையில் ஏறிச் சைதாப்பேட்டையில் இறங்கும் 3.2 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலைக்கு 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டியபோது சொன்ன மதிப்பீடு 621 கோடி ரூபாய். மண்ணுக்கு அடியில் மெட்ரோ, மண்மேல் பழைய மவுண்ட் ரோடு, அதற்கும் மேலே ஒரு புதுச் சாலை. சுரங்கத்தின் தலைமேல் தூண் நிறுத்துவது லேசான வேலை இல்லை. அந்தத் திறமையில் குறை சொல்ல இந்த மடல் எழுதப்படவில்லை. மேலே ஓடும் சாலைக்கு ஒப்பந்தக்காரர் எத்தனை ஆண்டு பொறுப்பு, எந்த இணைப்பை எப்போது மாற்றுவது என்றெல்லாம் உங்கள் ஆவணங்களில் எழுதியிருக்கும். கீழே இருக்கிற ஊருக்கு என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் என் கேள்வி. ஒரு பெருவழி ஓர் ஊரின் நடுவே போகும்போது அந்த ஊருக்கு அது கடன்பட்டுவிடுகிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே ஆற்றங்கரையில் ஒருவர் அந்தக் கடனைக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கணக்கை நீங்கள் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், இந்த வழி ஏன் இங்கே வந்தது? பரங்கிமலை உச்சியில் 1523இல் ஒரு தேவாலயம் எழுந்தது. சின்னமலையில் 1551இல் இன்னொன்று. கோட்டைக்கு இடம் கிடைத்ததே 1639இல்தான். ஆக, வெள்ளைக்காரக் கம்பெனி இந்தக் கடற்கரையில் கால் வைக்கும் முன்பே மயிலாப்பூர்ப் பக்கமிருந்து இந்த இரண்டு குன்றுகளுக்கும் யாத்திரை நடந்துகொண்டிருந்தது. குறுக்கே நின்றது அடையாறு. கடலை நெருங்க நெருங்க அது அகன்று கழிமுகமாகிவிடும். அங்கே எல்பின்ஸ்டன் பாலம் வருவதற்கு 1840 ஆயிற்று. மேற்கே ஒதுங்கலாம் என்றால் ஏரி. இன்று தியாகராய நகராக இருக்கிற இடமெல்லாம், நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரைக்கும், லாங் டேங்க் என்று அவர்கள் எழுதிவைத்த நீண்ட ஏரியின் நீர்ப்பரப்பு. 1920களில் அதைத் தூர்த்துத்தான் மாம்பலம் குடியிருப்புத் திட்டம் வந்தது. மேற்கு மாம்பலத்தில் ஏரியே இல்லாத ஒரு லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறதே, அந்தப் பெயர் இதன் மிச்சம். மேற்கே ஏரி, கிழக்கே கழிமுகம். இரண்டுக்கும் நடுவில் ஆறு ஒடுங்கி ஓடும் இடம் சைதாப்பேட்டை. அக்கரையில் சின்னமலைப் பாறை கெட்டியாக நிற்கிறது. வண்டியும் மாடும் வேறெங்கே இறங்கும்? நீங்கள் சர்வே எடுத்து முடிவு செய்வதை அந்தக் காலத்தில் நிலமே முடிவு செய்துவிட்டது.

அந்த இறக்கத்தில் 1726இல் பாலம் கட்டியவர் கவர்னரும் இல்லை, நவாப்பும் இல்லை. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பாரசீகத்து ஜூல்ஃபாவைச் சேர்ந்தவர், மணிலா வரைக்கும் வியாபாரம் வைத்திருந்தவர், பரங்கிமலை ஏறுகிறவர்களுக்குப் படிக்கட்டு கட்டிக்கொடுத்தவரும் அவரே. பாலத்துக்குத் தன் கைப்பணம் 30,000 வராகன் செலவழித்தார் என்றும், அதன் பராமரிப்புக்கென்று 1,500 வராகன் தனியாக ஒதுக்கி வைத்தார் என்றும் சென்னையின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வராகன் என்பது ஏறக்குறைய மூன்றரை ரூபாய் பெறுமான பொன் நாணயம். ஆகவே அன்றைய மதிப்பிலேயே லட்ச ரூபாய் சங்கதி. மாம்பலம் என்ற பெயர் வெள்ளைக்காரர் வாயில் மார்மலாங் என்று திரிந்ததால் அது மார்மலாங் பாலம் ஆயிற்று. ரங்கநாதன் தெருவில் துணி எடுக்க வருகிறவர்கள் ரயிலைவிட்டு இறங்குகிற மாம்பலமும் இதுவே. வளைவுகளோடு நின்ற அந்தப் பழைய பாலம் 1960களில் போய்விட்டது. கல்வெட்டு மட்டும் தப்பிப் பிழைத்தது. ஆர்மீனியம், பாரசீகம், லத்தீன் என்று மூன்று மொழிகள் அதில். தன் சனத்துக்கு ஒன்று, தர்பாருக்கு ஒன்று, திருச்சபைக்கு ஒன்று. தமிழும் கிடையாது, ஆங்கிலமும் கிடையாது. பாலத்தை அன்றாடம் கடந்த வண்டிக்காரருக்குப் புரியாது. மூன்று நூற்றாண்டாக இந்த ஊரின் மிக முக்கியமான ஆவணம் இந்த ஊர் படிக்க முடியாத எழுத்தில் ரோட்டோரம் நிற்கிறது.

நான் பிடித்துக்கொள்வது 30,000 என்ற பெரிய எண்ணை அல்ல. பணமும் பக்தியும் உள்ளவர்கள் பாலம் கட்டுவது உலகத்தில் எங்கும் நடப்பதுதான். இரண்டாவது எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. கட்டிய பாலம் தேயும், வெள்ளம் கரையை அரிக்கும், காரை உதிரும், அப்போது தான் இருக்கப்போவதில்லை என்று நினைத்து 1,500 வராகனை ஒதுக்கியிருக்கிறார். இது ஆர்மீனியாவிலிருந்து இறக்குமதியான யோசனை என்று எண்ண வேண்டாம். நம் கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்குக் கொடை எழுதும்போது விளக்கோடு நிறுத்த மாட்டார்கள். 90 ஆடு, 96 ஆடு என்று மந்தையைச் சேர்த்து விடுவார்கள். இடையர் அதை வளர்த்து நாளுக்கு இவ்வளவு நெய் என்று அளக்க வேண்டும். கிழடு போனாலும் குட்டி வந்து எண்ணிக்கை நிரம்பிக்கொண்டே இருக்கும் என்பதால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். விளக்கு வெண்கலம், எரிவது நெய்யால். நெய்க்கு வழி செய்யாத கொடையை நம் முன்னோர் கொடைக் கணக்கில் சேர்த்ததில்லை. நம்முடைய இன்றைய திட்டங்களில் வெண்கலத்துக்குக் கோடிக்கணக்கில் இருக்கிறது, நெய்க்குத்தான் ஆண்டுதோறும் கையேந்த வேண்டியிருக்கிறது.

பெருவழி என்ற சொல்லையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தருமபுரிப் பக்கம் கிடைத்த ஒரு பழைய காதக்கல், 13ஆம் நூற்றாண்டினது என்று கருதப்படுவது, அதியமான் பெருவழியில் நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்று சொல்கிறது. எண்ணை எழுத்தில் வெட்டியதோடு, படிக்கத் தெரியாத வழிப்போக்கருக்காகப் பெரிய குழி இரண்டும் சிறிய குழி ஒன்பதும் தோண்டி வைத்திருக்கிறார்கள். விரலை வைத்துத் தடவினால் இருபத்தொன்பது. உலகத்தில் எத்தனை நெடுஞ்சாலைத் துறைகளுக்கு இந்தக் கரிசனம் தோன்றியிருக்கும்? அதைவிட முக்கியம், அந்தக் கல் தூரத்தை எதிலிருந்து அளக்கிறது என்பது. தாவளம் என்றால் வணிகர்கள் சாத்தோடு வந்து தங்குமிடம். வழியின் அளவே தங்குமிடத்தை வைத்துத்தான். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் பேரில் இன்றும் வழங்கும் சாலைகளின் கதையில் சத்திரமும் மரநிழலும் சேர்ந்தே வரும். தஞ்சை மராத்தியர் ராமேசுவர யாத்திரை வழிநெடுகச் சத்திரம் கட்டினார்கள். ஓடுகிற வண்டிக்கு வழி, நிற்கிற ஆளுக்கு இடம், இரண்டும் சேர்ந்ததைத்தான் இந்த மண்ணில் பெருவழி என்றார்கள். நிற்பதைத் தடங்கலாக மட்டும் பார்க்கும் கணக்கு நமக்குப் பிற்பாடு வந்தது.

சைதாப்பேட்டை அப்படி நின்றவர்களால் ஆன ஊர். பாலம் வந்த பிறகு கோட்டையிலிருந்து தெற்கே போகிற எல்லாமே அதன் வழியாகத்தான் போயின. பரங்கிமலையில் பீரங்கிப் படை குடியேறியது. 1769இல் ஹைதர் அலி அந்த மலையடிவாரம் வரை வந்து நின்று கம்பெனியைக் கையெழுத்துப் போட வைத்தார். 1802இல் லாம்டன் அதே மலையருகே தொடங்கிப் பெரும்பாக்கம் நோக்கிச் சங்கிலி பிடித்து அளந்த அடிக்கோடுதான் இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளந்த பெரும் நில அளவைக்குத் தொடக்கம். அளவை என்றால் உங்கள் குலதெய்வம் அவர். மலையைத் தாண்டினால் பல்லாவரம், தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம் என்று திருச்சிக்கும் அதற்கு அப்பாலும் போகும் தென்பெரும் சாலை. ஜி.எஸ்.டி. ரோடு என்று நாம் சுருக்கிய கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. கோட்டையை விட்டுப் புறப்பட்டவருக்கு ஆற்றுக்கு இக்கரையில் கடைசி ஊர், தெற்கிலிருந்து வந்தவருக்கு ஆறு தாண்டியதும் முதல் ஊர். 1859இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடம் கருங்குழியிலிருந்து சைதாப்பேட்டைக்கு வந்தது. 1968இல் காஞ்சிபுரம் போகும் வரை நூறாண்டுக்கும் மேலாக மாவட்டத்தின் பெயர் ஓரிடத்திலும் கலெக்டர் ஆபீஸ் வேறிடத்திலும் இருந்தன. பட்டா மாற்றத்துக்கும் வழக்குக்கும் மதுராந்தகத்திலிருந்தும் பொன்னேரியிலிருந்தும் சனங்கள் வந்து நின்ற ஊர் இது. 1868இல் இங்கே தொடங்கிய வேளாண்மைப் பள்ளிதான் 1906இல் கோயம்புத்தூருக்குப் போய்ப் பிற்பாடு பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1856இல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி பின்னால் இங்கே வந்து சேர்ந்தது. குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் அதில் பயின்றவர். பெரிய ஊர்களெல்லாம் இருக்க இந்தச் சின்ன ஊருக்கு இவையெல்லாம் வரக் காரணம் அந்தச் சாலையும் பாலமும்தான் என்று சொன்னால் மிகையாகாது.

பிறகு நடந்தது ஒவ்வொன்றாகக் கழிவது. எதுவும் கெட்ட எண்ணத்தில் நடந்ததில்லை, ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் இருந்தது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1946இல் சைதாப்பேட்டை சென்னை மாநகராட்சிக்குள் சேர்ந்தது. தனி ஊர் ஒரு வார்டு ஆயிற்று. பழைய பாலம் போய் அகலமான பாலம் வந்து மறைமலை அடிகள் பெயர் பெற்றது. கலெக்டர் ஆபீஸ் போனது. ஜெமினியில் 1973இல் மேம்பாலம், கத்திப்பாராவில் 2008இல் அடுக்கு மேம்பாலம். சைதாப்பேட்டைச் சுரங்க மெட்ரோ நிலையம் 2018 மே மாதம் திறந்தது. இப்போது உயர்மட்டச் சாலை. இந்த வரிசையை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும்: ஒவ்வொரு கட்டத்திலும் கடந்து போகிறவருக்கு ஏதோ கிடைத்திருக்கிறது, நின்று போகிறவருக்குப் பெரும்பாலும் இருந்ததில் கொஞ்சம் போயிருக்கிறது. மின்சார ரயிலும் மெட்ரோவும் மட்டும் விதிவிலக்கு. அவை இந்த ஊரில் நிற்கின்றன.

நிற்கிறவர்கள் குறைந்துவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. பனகல் மாளிகைக்கு மனுவோடு வருகிறவர்கள், நீதிமன்றத்துக்கு வாய்தாவுக்கு வருகிறவர்கள், கல்லூரிக்கு வருகிறவர்கள், பஜார் ரோட்டில் காய்கறியும் மீனும் வாங்கிப் பையோடு மறுபக்கம் போக வேண்டியவர்கள், காரணீசுவரர் கோயிலுக்கும் சின்னமலைத் தேவாலயத்துக்கும் வருகிறவர்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இவர்கள் எல்லாரும் செய்ய வேண்டிய முதல் காரியம் அண்ணா சாலையைக் குறுக்கே கடப்பது. காலை ஒன்பதரை மணிக்கு ஒரு கையில் ஃபைலும் இன்னொரு கையில் குழந்தையுமாகச் சென்டர் மீடியனில் ஏறி நின்று, மறுபக்க வண்டிகள் எப்போது ஓயும் என்று பார்க்கும் ஒரு பெண்ணுக்கு உங்கள் போக்குவரத்துக் கணக்கில் என்ன அலகு? காருக்கு ஒன்று, பஸ்ஸுக்கு மூன்று என்று எண்ணுகிற அந்தக் கணக்கில் அவர் ஏறுவதே இல்லை. எண்ணப்படாததற்கு மதிப்பீட்டில் காசு ஒதுங்காது என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

ஊரை விட்டுச் சாலை விலகினால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம். சைதாப்பேட்டைக்கு முன்பு மாவட்டத் தலைமையிடமாக இருந்தது என்று சொன்னேனே, அந்தக் கருங்குழி இதே தென்பெரும் சாலையில்தான் இருக்கிறது. திருச்சிக்குப் போகிறவர்கள் மதுராந்தகத்துக்குச் சற்று முன்னே ஒரு பெயர்ப்பலகையாக அதைக் கடந்துவிடுகிறார்கள். செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் மூன்றுக்கும் புறவழிச் சாலை வந்தபோது நெரிசல் குறைந்தது, நிம்மதியும் வந்தது. ஊருக்குள் இருந்த வியாபாரத்தில் ஒரு பங்கு நெடுஞ்சாலையோர மோட்டல்களுக்குப் போனது. அமெரிக்காவில் 1926இல் எண் பெற்ற 66ஆம் நெடுஞ்சாலை 1985இல் அதிகாரப்பூர்வப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. அரிசோனாவின் செலிக்மன் என்ற சிற்றூரை 1978இல் புதுச் சாலை ஒதுக்கிவிட்டுப் போனபோது ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய வழியை வரலாற்றுச் சாலையாக அறிவிக்க வைத்து, அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்களை வரவழைத்தார்கள். அங்கே சாலை பக்கவாட்டில் விலகியது. சைதாப்பேட்டையில் அது செங்குத்தாக விலகுகிறது. பக்கவாட்டில் விலகினால் ஊருக்கு அமைதியாவது மிஞ்சும். மேலே எழும்பினால் தூணும் நிழலும் இரைச்சலும் ஊரோடு தங்கிவிடும், பிரயாணி மட்டும் போய்விடுவார்.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. முதல் பதில், விமான நிலையத்துக்கும் தென்மாவட்டங்களுக்கும் போகிற சாலையை ஏழெட்டு சிக்னலில் நிறுத்திவைப்பது யாருக்கு லாபம் என்பது. நியாயம்தான். ஆம்புலன்சும் அதே சிக்னலில்தான் நிற்கிறது. உஸ்கானின் பாலமே கடந்து போகிறவருக்காகக் கட்டியதுதானே. சைதாப்பேட்டைக்காரரைக் கேட்டு அவர் கட்டவில்லை. கடக்கும் உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் மேலே வண்டிகள் ஏறிவிட்டால் கீழே இடம் மிஞ்ச வேண்டும் அல்லவா? அந்த மிச்சம் யாருக்கு என்பதை இப்போதே எழுதிவைக்காவிட்டால், கீழேயும் வண்டிகளே நிரம்பிக்கொள்ளும், தூண்களுக்கு நடுவில் பார்க்கிங் வந்துவிடும். நெரிசலைக் காரணம் காட்டித்தான் மேலே கட்டினீர்கள். அப்படியானால் கீழே கிடைத்த இடம் நடக்கிறவருக்குச் சேர வேண்டிய வட்டி.

இரண்டாவது பதில் கொஞ்சம் சூடானது. அந்நியர் காலத்துச் சமாசாரத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் ஏன், பாலத்துக்குத்தான் தமிழ்ப் பெயர் வைத்தாயிற்றே என்பார்கள். உஸ்கான் ஆண்டவரும் அல்ல, ஆண்டவர்களின் பணத்தில் கட்டியவரும் அல்ல. வியாபாரத்தில் வந்ததை இந்த ஊரின் ஆற்றில் போட்டவர். புதுப் பெயரிலும் எனக்குக் குறை இல்லை, சொல்லப்போனால் அதைப்போலப் பொருத்தமான பெயர் கிடைக்காது. தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய அடிகள் வாழ்ந்ததும் நூலகம் வைத்ததும் இதே சாலையில் ஆறு மைலுக்குள் இருக்கிற பல்லாவரத்தில். தமிழில் பிறமொழி கலப்பதைப் பொறுக்காதவரின் பெயர் கொண்ட பாலத்தருகே, தமிழே கலக்காத ஒரு கல்வெட்டு! இதைவிட நல்ல சந்தர்ப்பம் உங்களுக்கு எப்போது வாய்க்கும்? கல்லைத் தொட வேண்டாம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில், பஸ்ஸுக்கு நிற்கிறவர் படிக்கும் உயரத்தில் எழுதிவையுங்கள். சாலைக்குத் தூண்கள் இருக்கின்றன, தூண்களில் இடமும் இருக்கிறது. விட்டால் அங்கே கட்சி விளம்பரம் வரும்.

மூன்றாவதுதான் நிஜமான பதில், கூட்டங்களில் வாய்விட்டுச் சொல்லாதது. சாலை ஒரு துறை, தெருவிளக்கு ஒரு துறை, குடிநீர்க் குழாய் ஒரு துறை, சுரங்கம் ஒரு நிறுவனம். கீழே இருக்கிற தரை யாருடையது? ஆகவே அது யாருடையதும் இல்லை. இதற்குப் பதிலும் உங்களிடமே இருக்கிறது. கத்திப்பாரா மேம்பாலத்தின் அடியில் பல ஆண்டு சும்மா கிடந்த இடத்தை மெட்ரோ நிறுவனம் எடுத்துப் பஸ் நிறுத்தமும் கடைகளும் விளையாட்டிடமுமாக்கி 2021 டிசம்பரில் திறந்தது. அது மெட்ரோவின் வேலையே இல்லை என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஒன்று மட்டும் உறுத்துகிறது: பாலம் திறந்து பதின்மூன்று வருடம் கழித்துத்தான் அடியில் தரை இருப்பது நினைவுக்கு வந்தது. சைதாப்பேட்டைக்கும் அந்தப் பதின்மூன்று வருடம் ஆக வேண்டியதில்லை. மேலும் கத்திப்பாராவில் அடியில் ஊர் இல்லை, வெற்றிடம் இருந்தது. இங்கே அடியில் இருப்பது ஊர்.

பராமரிப்பு என்ற சொல்லை நான் திரும்பத் திரும்பச் சொல்வது அழகுக்காக என்று நினைத்தால் 2015 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டு, வழியெல்லாம் பெய்த மழையும் சேர்ந்து அடையாறு கரைமீறியபோது மறைமலை அடிகள் பாலத்தை மூட வேண்டியதாயிற்று. ஜெமினியில் மேம்பாலம் இருந்தது, கத்திப்பாராவில் அடுக்கு மேம்பாலம் இருந்தது, நடுவில் ஆறு நகரத்தை இரண்டாகப் பிரித்துவிட்டது. புதிய உயர்மட்டச் சாலையும் தன் வண்டிகளைக் கொண்டுவந்து இறக்கப்போவது அதே சைதாப்பேட்டையில், அதே ஆற்றங்கரைக்கு அருகில். 1726இல் எந்தக் கழுத்து வழியாக எல்லாரும் போக வேண்டியிருந்ததோ, அதே கழுத்துதான் இன்றும். கரையும் வடிகாலும் நடைபாதையும் அந்தக் கழுத்தின் பாகங்கள். மேலே எத்தனை அடுக்கு போட்டாலும் அவற்றைக் கவனிக்காமல் விட்டால் வண்டி நிற்கும்.

இனி உஸ்கானின் கணக்குக்கு வருகிறேன். 30,000 வராகனுக்கு 1,500 வராகன் என்றால் நூற்றுக்கு ஐந்து. 621 கோடிக்கு அதே விகிதம் போட்டால் 31 கோடியே 5 லட்சம். இந்தப் பணம் மேலே ஓடும் சாலைக்கு வேண்டாம், அதற்கு வேறு தலைப்பு இருக்கிறது. கீழே இருக்கும் ஊருக்கென்று தனித் தலைப்பில் ஒதுக்கி, முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்கும்படி வையுங்கள். அதிலிருந்து ஆண்டுதோறும் நடைபாதையைச் சீர் செய்யலாம். நீதிமன்றத்துக்கும் பஜார் ரோட்டுக்கும் மெட்ரோ வாசலுக்கும் எதிரே தரைமட்டத்திலேயே கடக்க இடமும் அதற்கு சிக்னலும் வைக்கலாம். படியேறு, சுரங்கத்தில் இறங்கு என்று முழங்கால் வலிக்காரரை அனுப்பாமல் இருப்பது முக்கியம். வடிகாலை மழைக்கு முன் தூர் வாரலாம். தூண்களில் கோட்டைக்கு இவ்வளவு, பரங்கிமலைக்கு இவ்வளவு, திருச்சிக்கு இவ்வளவு என்று தூரத்தை எழுதலாம். அதியமான் வழியில் செய்ததுபோல விரலால் தடவிப் படிக்கும்படியும் வைத்தால் பார்வையற்றோருக்கும் உதவும். 31 கோடி பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஒரு தனி வியாபாரி கொடுத்த விகிதத்தை ஓர் அரசாங்கம் கொடுக்க முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பாலம் கட்டியதன் முந்நூறாவது ஆண்டு 2026. விழா எடுப்பார்களோ மாட்டார்களோ, அது அரசியல்வாதிகள் பாடு. உங்களிடம் கேட்பது மேடையும் பந்தலும் இல்லை. அடுத்த முறை திருத்திய மதிப்பீடு உங்கள் மேசைக்கு வரும்போது, கடைசி இனத்துக்குக் கீழே இன்னொரு எண் போட்டு, 'சாலைக்கு அடியிலுள்ள ஊரின் பராமரிப்பு, நூற்றுக்கு ஐந்து' என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.